ஏலத்தில் ஒரு சொகுசு எஸ்.யூ.வி.: கேட்கும் முன் போட வேண்டிய கணக்கு

மைசூர் மண்டி மொஹல்லாவில் தலைமுறையாகத் தானிய மொத்த வணிகம் செய்துவரும் வாடிக்கையாளர் ஒருவர், சென்ற ஆண்டு ஒரு மாலை வேளையில் எங்கள் கிளைக்கு வந்தார். கைப்பேசித் திரையில் ஒரு படத்தைக் காட்டினார். 2017ஆம் ஆண்டுத் தயாரிப்பான ஜெர்மானிய டீசல் எஸ்.யூ.வி. அது. புதிதாக விற்றபோது அதன் விலை 70 லட்சம் ரூபாய். இணையவழி ஏலத்தில் அதன் தொடக்க விலை 14 லட்சம்.

"சார், இந்தப் பணத்துக்கு ஷோரூமில் நடுத்தரக் கார்தான் கிடைக்கும். மகன் ஆசைப்படுகிறான். ஏலம் நாளை மறுநாள். கடையின் ரொக்கக் கடன் கணக்கில் இடம் இருக்கிறது. அதிலிருந்தே எடுத்துக் கட்டிவிடலாமா?" என்று கேட்டார்.

"ஐயா, வண்டியை நேரில் பார்த்தீர்களா?"

"வண்டி டில்லியில் இருக்கிறது. இருபது படங்கள் போட்டிருக்கிறார்கள்."

"உங்கள் கடைக்கு வரும் மூட்டைக்குப் படத்தைப் பார்த்து விலை சொல்வீர்களா?"

அவர் சிரித்துவிட்டார். "குத்தூசி விட்டுப் பார்க்காமல் ஒரு மூட்டையையும் இறக்கியதில்லை சார்."

மண்டி வணிகத்தின் அடிப்படை அறம் அந்த ஒரு விடையில் இருக்கிறது. சரக்கைக் கையில் எடுத்துப் பார்த்து, எடையும் கழிவும் கணக்கிட்டு, அதன் பின்னரே விலை கேட்பது வழக்கம். இணையவழி ஏலத்தில் சரக்கு கண்ணுக்கு எட்டாத தூரத்தில் நிற்கிறது. ஆகவே குத்தூசியை நாமே தேடிக்கொள்ள வேண்டும். அன்று அவருடன் அமர்ந்து போட்ட கணக்கு பிற வாடிக்கையாளர்களுக்கும் உதவும் என்பதால் இங்கு விரிவாகத் தருகிறேன்.

ஏலத்துக்கு வாகனங்கள் எங்கிருந்து வருகின்றன?

முதல் வகை, கடன் தவணை தவறியதால் வங்கிகளும் நிதி நிறுவனங்களும் மீட்டெடுத்த வாகனங்கள். இவற்றை மனம்போல் பறித்து விற்றுவிட முடியாது. அறிவிப்புக் காலம், கைப்பற்றும் முறை, விற்பனைக்கு முன் கடனாளிக்குத் தர வேண்டிய இறுதி வாய்ப்பு ஆகியவை கடன் ஒப்பந்தத்திலேயே இடம்பெற வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2008 ஏப்ரலில் அறிவுறுத்தியது. ஏலத் தொகை கடன் நிலுவையையும் செலவுகளையும் விஞ்சினால், மிச்சம் கடனாளியைச் சேரும். மலிவாகக் கிடைக்கும் ஒவ்வொரு வாகனத்துக்குப் பின்னாலும் ஒரு குடும்பத்தின் இழப்பு இருக்கக்கூடும். அதனால்தான் ஆவணங்கள் பழுதறச் சரியாக இருக்கின்றனவா என்று பார்ப்பது இரு தரப்புக்கும் நல்லது.

இரண்டாம் வகை, காப்பீட்டு நிறுவனங்கள் முழு இழப்பாகக் கருதி விற்பவை. பழுதுபார்க்கும் செலவு காப்பீட்டு மதிப்பில் 75 விழுக்காட்டைத் தாண்டினால் வாகனம் அவ்வாறு கருதப்படும். 2015 டிசம்பரில் சென்னை வெள்ளத்தில் மூழ்கிய சொகுசுக் கார்கள் பல இவ்வழியில்தான் கைமாறின.

மூன்றாம் வகை, அரசுத் துறைகளும் விசாரணை அமைப்புகளும் விற்பவை. 2019 ஏப்ரலில் நீரவ் மோடி வழக்கில் அமலாக்கத் துறை கைப்பற்றிய கார்கள், எம்.எஸ்.டி.சி. என்னும் மத்திய அரசு நிறுவனத்தின் இணையதளத்தில் ஏலத்துக்கு வந்தன. ரோல்ஸ் ராய்ஸ் கோஸ்ட்டும் போர்ஷே பனமேராவும் அவற்றில் இருந்தன. விருப்பமுள்ளோர் ஏலத்துக்கு முன் வண்டிகளைப் பார்வையிடலாம், ஆனால் ஓட்டிப் பார்க்க இயலாது என்பது அங்கு விதிக்கப்பட்ட நிபந்தனை. கோடிகள் மதிப்புள்ள காருக்கும் அதுதான் விதி என்றால், மற்றவை பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

பொதுத்துறை வங்கிகள் விற்பனைக்கு வைக்கும் சொத்துகளை ஒரே இடத்தில் காட்டும் 'பேங்க்நெட்' தளம் 2025 ஜனவரியில் தொடங்கப்பட்டது. வீடு, மனை ஆகியவற்றுடன் வாகனங்களும் அதில் இடம்பெறுகின்றன.

'உள்ளது உள்ளபடி, உள்ள இடத்தில்'

ஏல அறிவிப்பு எதை எடுத்தாலும் இந்தச் சொற்றொடரைக் காணலாம். பெரும்பாலோர் இதைப் படித்துவிட்டுக் கடந்து செல்கின்றனர். உண்மையில் அறிவிப்பின் முழு எடையும் இதில்தான் இருக்கிறது. இயந்திரம் ஓடாவிட்டாலும், சாவி ஒன்றே இருந்தாலும், அபராதம் நிலுவையில் இருந்தாலும், ஏலத்தில் எடுத்தவரே பொறுப்பு என்பது இதன் பொருள்.

பின்னர் நுகர்வோர் ஆணையத்துக்குச் செல்லலாம் என்று எண்ணுவோர் உண்டு. சண்டிகர் நிர்வாகம் நடத்திய மனை ஏலம் தொடர்பான வழக்கில் உச்ச நீதிமன்றம் 2009இல் அளித்த தீர்ப்பை அவர்கள் நினைவில் கொள்ள வேண்டும். பார்வையிட வாய்ப்பளித்து, உள்ளது உள்ளபடி என்று அறிவித்து நடக்கும் பொது ஏலத்தில் எடுத்தவரை நுகர்வோர் எனக் கொள்ள இயலாது என்று நீதிமன்றம் கூறியது. அது மனை குறித்த வழக்கு. எனினும் அதன் தருக்கம் ஏலம் கேட்கும் எவருக்கும் எச்சரிக்கையாகும்.

எனவே பார்வையிடும் நாள் என்பது ஏலத்தின் மிக முக்கியமான நாள். நேரில் செல்ல இயலாத வாகனத்துக்கு விலை கேட்காதிருப்பதே நன்று. செல்ல முடிந்தால், அந்த நிறுவன வாகனங்களில் பழகிய மெக்கானிக் ஒருவரைக் கூட்டிச் செல்லுங்கள். அவருக்குக் கொடுக்கும் சில ஆயிரம் ரூபாய், பல லட்சம் ரூபாய் இழப்பைத் தடுக்கக்கூடும்.

குத்தூசியை எங்கே விடுவது?

வெள்ளத்தின் தடயத்தைக் கழுவி மறைக்கலாம், முழுமையாக நீக்க முடியாது. இருக்கை பெல்ட்டைக் கடைசிவரை இழுத்துப் பாருங்கள். சேற்று நீரின் கறை அதில் கோடாகத் தெரியும். இருக்கையின் அடியிலுள்ள இரும்புத் தண்டவாளங்கள், ஸ்டெப்னி வைக்கும் குழி, தரைவிரிப்பின் அடிப்பகுதி ஆகியவற்றில் துருவோ வண்டலோ உள்ளதா என்று பார்க்க வேண்டும்.

சொகுசு எஸ்.யூ.வி.களில் பழுதுச் செலவு குவியும் இடங்கள் சில உண்டு. காற்றுப் பைகளால் இயங்கும் சஸ்பென்ஷன், தானியங்கி கியர்பெட்டி, டீசல் வண்டிகளின் புகை வடிகட்டி, டர்போ ஆகியன அவை. வாகனம் யார்டில் நிற்கும்போது ஒரு பக்கம் தாழ்ந்திருந்தால் சஸ்பென்ஷனில் காற்றுக் கசிவு இருக்கலாம். மின்கலம் இயங்குமாயின், கண்டறி கருவியைப் பொருத்தி, பதிவாகியுள்ள பிழைக் குறியீடுகளைப் படிக்க அனுமதி கேளுங்கள்.

டயரின் பக்கச் சுவரில் நான்கு இலக்க எண் இருக்கும். 2319 என்றிருந்தால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் தயாரானது என்று பொருள். மாதக்கணக்கில் யார்டில் நின்ற வண்டிக்கு நான்கு டயர்களும் மின்கலமும் புதிதாக வேண்டியிருக்கும் என்று முன்கூட்டியே கணக்கில் கொள்வது பாதுகாப்பு.

காகிதத்திலும் குத்தூசி விட வேண்டும். அரசின் பரிவாஹன் தளத்தில் பதிவெண்ணைக் கொடுத்து, வாகனம் யார் பெயரில் உள்ளது, எந்த நிறுவனத்தின் பேரில் அடமானப் பதிவு இருக்கிறது, வரியும் காப்பீடும் எந்நாள்வரை செல்லும், தடைப்பட்டியலில் சேர்க்கப்பட்டுள்ளதா என்று பாருங்கள். போக்குவரத்து அபராத நிலுவையை மின்-சலான் தளத்தில் காணலாம். சேஸிஸ் எண்ணையும் எஞ்சின் எண்ணையும் வண்டியிலேயே படித்து, ஆர்.சி.யுடன் ஒப்பிட வேண்டும். காப்பீட்டு நிறுவனம் விற்கும் வாகனமாயின், அதைச் சாலையில் ஓட்டும் உரிமையுடன் விற்கிறார்களா, உதிரிபாகங்களுக்காக மட்டும் விற்கிறார்களா என்பதையும் எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

பின்னாலிருந்து போடும் கணக்கு

ஏலத்தில் பெரும்பாலோர் தொடக்க விலையிலிருந்து மேலே ஏறுகிறார்கள். நாங்கள் அன்று எதிர்த்திசையில் இறங்கினோம். வண்டி மண்டி மொஹல்லாவில் சட்டப்படி ஓடத் தயாராக நிற்கும் நாளில் மொத்தமாக எவ்வளவு செலவழித்திருக்கலாம் என்று கேட்டேன். 25 லட்சம் என்றார். அதிலிருந்து ஒவ்வொன்றாகக் கழித்தோம்.

கர்நாடகத்தில் 20 லட்சத்துக்கு மேற்பட்ட விலையுள்ள புதிய கார்களுக்கு வாழ்நாள் வரி 18 விழுக்காடு. துணைவரி தனி. நாட்டிலேயே மிக உயர்ந்த விகிதங்களில் இதுவும் ஒன்று. வெளிமாநில வாகனத்தை இங்குப் பதிவு செய்யும்போது, அதன் வயதுக்கேற்ப வரி குறையும். ஆனால் வரிக்கு அடிப்படை நீங்கள் ஏலத்தில் கொடுத்த விலையன்று, வண்டியின் அசல் விலை. 70 லட்சத்துக்கு 18 விழுக்காடு 12 லட்சத்து 60 ஆயிரம். வயதுக் கழிவாகப் பாதி போகும் என்று தோராயமாகக் கொண்டாலும், துணைவரி சேர்ந்து ஏறக்குறைய 7 லட்சம் ஆகிறது.

மற்றவற்றை மதிப்பீடாக எழுதினோம்:

வாழ்நாள் வரி – 7,00,000 ரூபாய்
டில்லியிலிருந்து லாரி வாடகை – 40,000
ஏலத் தளத்தின் கட்டணம் – 30,000
தடையின்மைச் சான்று, பதிவுச் செலவுகள் – 30,000
காப்பீடு – 70,000
டயர்கள், மின்கலம் – 1,50,000
முதல் சர்வீஸும் எதிர்பாராப் பழுதும் – 2,50,000
கூடுதல் – 12,70,000 ரூபாய்

இருபத்தைந்தில் இது போக எஞ்சியது 12 லட்சத்து 30 ஆயிரம். ஏலமோ 14 லட்சத்தில் தொடங்குகிறது. அதாவது, ஏலம் தொடங்கும் முன்பே அந்த வண்டி அவருடைய எல்லையைத் தாண்டிவிட்டது. அதே வாகனம் கே.ஏ. பதிவெண்ணுடன் மைசூரிலோ பெங்களூரிலோ இருந்தால், வரியும் லாரி வாடகையும் நீங்கி, அவர் 19 லட்சத்து 70 ஆயிரம்வரை கேட்க இடமிருந்திருக்கும். வெளிமாநிலத்தின் மலிவு என்பது பெரும்பாலும் நாம் இங்குக் கட்டப்போகும் வரியின் முன்கழிவுதான்.

டில்லி வண்டிகள் மலிவாக வருவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. தலைநகர்ப் பகுதியில் 10 ஆண்டு கடந்த டீசல் வாகனங்கள் ஓடக்கூடாது என்னும் ஆணையை உச்ச நீதிமன்றம் 2018இல் உறுதி செய்தது. அதன் நடைமுறை பின்னர் மாறி வந்தாலும், வயது ஏறிய டீசல் வண்டிகளின் விலை அங்கு இறங்கியது. தனியார் காரின் பதிவு 15 ஆண்டுகளுக்குச் செல்லும் என்பதால், மீதமுள்ள ஆண்டுகளையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

வெளிமாநில எண்ணிலேயே ஓட்டிக்கொள்ளலாம் என்று சிலர் ஆலோசனை சொல்வார்கள். அது வழியன்று. 12 மாதங்களுக்கு மேல் வேறு மாநிலத்தில் வைத்திருக்கும் வாகனத்துக்கு அங்குப் புதிய பதிவெண் பெற வேண்டும் என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 47ஆம் பிரிவு. 2025 பிப்ரவரியில் பெங்களூரில் கர்நாடகப் போக்குவரத்துத் துறை நடத்திய சோதனையில், வரி கட்டாமல் வெளிமாநில எண்களில் ஓடிய சொகுசுக் கார்கள் கைப்பற்றப்பட்டன.

விலையில் ஜி.எஸ்.டி. அடங்குமா என்பதையும் பாருங்கள். நாங்கள் பார்த்த அறிவிப்பில் அது அடங்கியிருந்தது. 2025 ஜனவரி 16 முதல், பதிவுபெற்ற விற்பனையாளர் விற்கும் பழைய வாகனங்களுக்கு, விற்ற விலைக்கும் வாங்கிய விலைக்கும் உள்ள வேறுபாட்டின் மீது 18 விழுக்காடு வரி விதிக்கப்படுகிறது. ஜி.எஸ்.டி. பதிவில்லாத கடனாளியிடமிருந்து மீட்ட வாகனமாயின், அவர் வாங்கிய விலையை ஒவ்வொரு காலாண்டுக்கும் 5 விழுக்காடு குறைத்தே கணக்கிடுவார்கள். ஐந்து ஆண்டுகளில் அது சுழியமாகிவிடும். பழைய வண்டிக்கு ஏறத்தாழ முழு ஏலத் தொகையின் மீதும் வரி வரக்கூடும் என்பது இதன் விளைவு. 'ஜி.எஸ்.டி. தனி' என்ற இரு சொற்களுக்கு இரண்டு லட்சம் ரூபாய் எடை இருக்கலாம். 10 லட்சத்துக்கு மேற்பட்ட வாகனத்துக்கு விற்பவர் வசூலிக்கும் 1 விழுக்காடு வருமான வரியை உங்கள் கணக்கில் பின்னர் ஈடுசெய்துகொள்ளலாம். ஆயினும் அன்று அதுவும் கையிலிருந்துதான் போகும்.

வென்றதும் வாகனம் உங்களுடையதாகிவிடாது

ஏலத்தில் பங்கேற்க ஈ.எம்.டி. எனப்படும் முன்வைப்புத் தொகை கட்ட வேண்டும். தொடக்க விலையில் 10 விழுக்காடு என்பது பரவலான வழக்கம். கடைசி நிமிடங்களில் யாரேனும் விலையை உயர்த்தினால் நேரம் தானாக நீளும் ஏற்பாடு பல தளங்களில் உண்டு. மனம் தடுமாறும் நேரம் அதுவே. ஒவ்வொரு அழுத்தத்திலும் பத்தாயிரம்தான் ஏறுகிறது என்று தோன்றும். ஆகவே உச்ச வரம்பை ஒரு தாளில் எழுதி, திரையின் அருகில் வைத்துக்கொள்ளுங்கள்.

சம்மட்டி விழும்வரை கேட்டவர் பின்வாங்கலாம் என்கிறது 1930ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டத்தின் 64ஆம் பிரிவு. ஆனால் இணையத் தளங்களின் நிபந்தனைகள் பொதுவாகக் கேட்ட விலையைத் திரும்பப் பெற அனுமதிப்பதில்லை. பின்வாங்கினால் முன்வைப்புத் தொகை போய்விடும்.

உயர்ந்த விலை கேட்டவருக்கே வாகனம் உறுதி என்பதும் இல்லை. விற்பவரின் ஒப்புதல் வேண்டும். குருவாயூர் கோயிலுக்கு மஹிந்திரா நிறுவனம் 2021 டிசம்பரில் காணிக்கையாக அளித்த தார் எஸ்.யூ.வி.யின் கதை இதற்குத் தக்க சான்று. அது நேரடி ஏலம். தொடக்க விலை 15 லட்சம். ஒருவர் மட்டுமே பங்கேற்று 15 லட்சத்து 10 ஆயிரத்துக்கு எடுத்தார். அந்த ஏலத்தின் மீது கேள்விகள் எழுந்தன, விவகாரம் உயர் நீதிமன்றம்வரை சென்றது. இறுதியில் 2022 ஜூனில் மறு ஏலம் நடந்து, அதே வண்டி 43 லட்சத்துக்கு வேறொருவருக்குப் போயிற்று. உறுதிப்படுத்தும் கடிதம் கைக்கு வரும்வரை பழைய காரை விற்கவோ, புதிய காருக்கு விழா எடுக்கவோ வேண்டாம்.

பெயர் மாற்றமும் காப்பீடும்

மீட்டெடுத்த வாகனமாயின், படிவம் 36 மூலம் நிதி நிறுவனம் தன் பெயரில் புதிய பதிவுச் சான்று பெற்று, பின்னர் உங்களுக்கு மாற்றித் தருவது முறை. படிவம் 29, 30 ஆகியவை உரிமை மாற்றத்துக்கும், 35 அடமானப் பதிவை நீக்குவதற்கும், 28 வேறு பதிவு அலுவலகத்துக்கான தடையின்மைச் சான்றுக்கும் உரியவை. அரசு நடத்திய பொது ஏலத்தில் எடுத்தால், வாகனம் கைக்கு வந்த 30 நாட்களுக்குள் படிவம் 32 வழி விண்ணப்பிக்க வேண்டும். விற்பனை உறுதி ஆணையின் சான்றும் உடன் வேண்டும். மைசூரில் பதிவு என்றால் உங்கள் முகவரிக்கேற்ப மேற்கு அலுவலகத்தின் கே.ஏ. 09 அல்லது கிழக்கு அலுவலகத்தின் கே.ஏ. 55 வரிசையில் எண் கிடைக்கும்.

காப்பீட்டை 14 நாட்களுக்குள் உங்கள் பெயருக்கு மாற்ற வேண்டும். தவறினால் உங்கள் வண்டிக்கு ஏற்படும் சேதத்துக்கு இழப்பீடு கிடைக்காது. முந்தைய உரிமையாளர் சேர்த்த நோ-கிளெய்ம் சலுகை உங்களுக்கு வராது.

பணம் எங்கிருந்து?

ரொக்கக் கடன் என்பது சரக்குக்காகத் தரப்படும் நடைமுறை மூலதனம். அதை எடுத்துக் காரில் போட்டால், அடுத்த பருவத்தில் விளைச்சல் வந்து குவியும்போது கொள்முதலுக்குக் கையில் பணம் இருக்காது. கடன் நிபந்தனைக்கும் அது மாறானது. காருக்கு மதிப்பு ஆண்டுதோறும் குறையும், சரக்கோ சுழன்று லாபத்துடன் திரும்பும். இரண்டுக்கும் ஒரே பையிலிருந்து எடுப்பது நல்ல வணிகருக்கு அழகன்று.

பழைய காருக்கென்றே கடன் திட்டம் உண்டு. அதன் வட்டி புதிய காரின் வட்டியைவிடப் பொதுவாகக் கூடுதல். கடன் தொகை ஏல விலையைப் பாராமல் வங்கியின் மதிப்பீட்டைப் பார்த்தே அமையும். வண்டியின் வயது ஏற ஏறத் தவணைக் காலமும் சுருங்கும். ஏலத் தொகையைக் கட்ட மிகச் சில நாட்களே கிடைக்குமாதலால், கொள்கையளவிலான ஒப்புதலை ஏலத்துக்கு முன்பே வாங்கிவிடுங்கள். வென்ற பின் கிளைக்கு ஓடி வருவோர், முன்வைப்புத் தொகையை இழப்பதற்கான வாய்ப்பு மிகுதி.

போலி ஏலங்களும் பெருகியுள்ளன. வங்கியின் பெயரையும் சின்னத்தையும் போட்டு, பதிவுக் கட்டணம் அனுப்பச் சொல்வார்கள். எந்த வங்கியும் ஏலப் பணத்தைத் தனிநபர் கணக்கிலோ தனிநபரின் யு.பி.ஐ. எண்ணிலோ கேட்காது. அறிவிப்பில் குறிப்பிட்ட கிளையைத் தொலைபேசியில் அழைத்து உறுதி செய்த பின்னரே பணம் அனுப்புங்கள். ஏமாற்றப்பட்டது தெரிந்தால் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணை அழைக்க வேண்டும். முதல் சில மணி நேரத்தில்தான் பணத்தைத் தடுத்து நிறுத்த வாய்ப்பு அதிகம்.

அந்த டில்லி வண்டிக்கு நம் வாடிக்கையாளர் விலை கேட்கவில்லை. மகனுக்கு வருத்தம் என்று பின்னொரு நாள் சொன்னார். சில மாதங்கள் கழித்து, பெங்களூரில் வங்கி ஒன்று மீட்டெடுத்த, கே.ஏ. பதிவுள்ள எஸ்.யூ.வி. ஏலத்துக்கு வந்தது. தந்தையும் மகனும் மெக்கானிக்குடன் சென்று, அரை நாள் வண்டியின் கீழே படுத்துப் பார்த்தார்கள். உச்ச வரம்பாக 18 லட்சம் என்று தாளில் எழுதிக்கொண்டார்கள். ஏலம் 18 லட்சத்து 40 ஆயிரத்தில் முடிந்தது. நாற்பதாயிரத்துக்காக விட்டுவிட்டீர்களே என்று நண்பர்கள் கேட்டார்களாம்.

முன்வைப்புத் தொகை முழுவதும் கணக்கில் திரும்ப வரவானதைச் சரிபார்க்க அவர் கிளைக்கு வந்தபோது, மகனும் கூட வந்திருந்தார். "சார், அடுத்த ஏலத்துக்குத் தாளில் எழுதும் வேலை இவனுடையது" என்றார் தந்தை. மகன் பையிலிருந்து ஒரு குறிப்பேட்டை எடுத்தார். வாழ்நாள் வரி, லாரி வாடகை, டயர் என்று வரிசையாக எழுதி, தொகைக்கான இடத்தை மட்டும் நிரப்பாமல் வைத்திருந்தார்.